ஓய முடியாமையை உரைக்கும் மொழிகள்

ஓய்வைப்பற்றிப் பேசுவோர் பலர். ஓய முடியாமையை மக்கள் எச்சொற்களால் உரைக்கின்றனர் என்பதை ஆராய்வோர் சிலரே. அருட்பணியில் ஈடுபட்டிருப்போருக்கு இவ்வாராய்ச்சி வீணானதன்று. நோயாளியின் சொல்லைக் கேட்டே மருத்துவர் நோயை நாடுகிறார் அல்லவா?

முதலில் ஆங்கிலத்தை நோக்குவோம். 'ஐ கான்ட் ரெஸ்ட்' என்னும் தொடரில் 'நான்' எழுவாயாக நிற்கிறது. இயலாமை அந்த 'நான்' மீதே சாத்தப்படுகிறது. உடல் இடங்கொடாமை, பிறர் விடாமை, ஓயும் பழக்கமின்மை ஆகிய மூன்றும் 'கான்ட்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

மத்திய ஐரோப்பாவில் வழங்கும் ஸ்லோவாக் மொழியோ இவற்றைச் சற்றுப் பிரித்துக் காட்டுகிறது. உடலோ சூழ்நிலையோ இடங்கொடாதபோது 'நெமுவோஜெம்' (என்னால் இயலாது) என்பர். ஓயும் வகை அறியாதபோது 'நெவியெம்' என்பர். 'அறியேன்' என்பதே அதன் நேர்ப்பொருள். கவலை அரிக்கும்போது 'நெதா மி போகொய்', அதாவது 'அது எனக்கு அமைதி தருவதில்லை' என்பர். இங்கு எழுவாய் 'நான்' அன்று. என்னை வருத்தும் பொருளே எழுவாய்.

நம் தமிழும் இவ்வேறுபாட்டை அறியும். 'என்னால் ஓய்ந்திருக்க முடியவில்லை' என்பது ஆற்றலைக் குறிக்கிறது. 'எனக்கு ஓய்வில்லை' என்பது கிடைக்க வேண்டிய ஒன்று கிடைக்காமையைக் குறிக்கிறது. 'என்னை ஓயவிடுவதில்லை' என்பது பிறரைச் சுட்டுகிறது.

சென்னைப் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு மாலைதோறும் காற்று வாங்க வருவோரை எண்ணிப் பார்ப்போம். பணி ஓய்வு பெற்றும் மனம் ஓயாத முதியவர் அங்குண்டு. பல வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு அவ்வழியே வீடு திரும்பும் பெண்ணும் உண்டு. தியாகராய நகர்த் துணிக்கடையில் நாள் முழுதும் நின்று கால் வீங்கியவரும் வந்து மணலில் அமரலாம். மூவரும் 'ரெஸ்டே இல்லை' என்றுதான் கூறுவர். ஆயின் முதல்வர் ஓயும் வகை அறியாதவர். இரண்டாமவருக்கு ஓய்வுக்கு நேரமில்லை. மூன்றாமவர் உட்கார விடப்படாதவர். மூவருக்கும் ஒரே அறிவுரை பொருந்துமோ? மனஅமைதியைப்பற்றிய போதனை முதல்வருக்குப் பயன்படலாம். மூன்றாமவருக்கு வேண்டியது ஒரு நாற்காலி.

கடைப் பணியாளருக்கு இருக்கை வசதி அளிக்கவேண்டும் எனக் கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அத்தகைய திருத்தத்தைச் செய்தது. 'என்னால் முடியவில்லை' என்பதன் அடியில் 'என்னை விடவில்லை' என்னும் முறையீடு இருந்ததை அச்சட்டங்கள் ஏற்றுக்கொண்டன எனலாம்.

ஓய்வைக் குறிக்கும் சொற்களின் வேரும் கருதத்தக்கது. ஸ்லோவாக்கில் 'ஒத்திஹ்' என்பது ஓய்வு. அதனுள் இருக்கும் 'திஹ்' என்பது மூச்சு. தமிழில் 'இளைப்பு' என்பது களைப்பையும் மூச்சிரைப்பையும் குறிக்கும்; அது ஆறுவதே இளைப்பாறுதல். யாத்திராகமம் 23:12இல் இவ்விருவகைக் கருத்தும் இணைந்து வருகின்றன. ஏழாம் நாள் ஓய்வைக் குறிக்கும் எபிரெய வினை 'நிறுத்துதல்' என்னும் பொருளது. மழை ஓய்ந்தது என நாம் கூறுவதை ஒத்தது. அடிமைப்பெண்ணின் மகனும் அந்நியனும் பெறும் இளைப்பாறுதலைக் குறிக்கும் வினையோ, மூச்சு, உயிர் எனப் பொருள்படும் 'நெஃபெஷ்' என்னும் சொல்லோடு உறவுடையது. வீட்டுத்தலைவன் வேலையை நிறுத்துவதன் நோக்கங்களுள் ஒன்று, அவனிடம் உழைப்போர் மூச்சுவிடுவதாம்.

ஆகவே, ஓய்வில்லை என ஒருவர் நம்மிடம் கூறுங்கால், ஆறுதல் மொழிவதற்குமுன் அவரது வாக்கியத்தின் எழுவாய் யாதென ஆராய்வோமாக. சிலவேளை அவ்வெழுவாய், அவரிடம் வேலை வாங்கும் நாமாகவே இருத்தல் கூடும்.