வீரனின் மனைவிக்கு உரியது

1949-ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 7-ஆம் தேதி தேசமெங்கும் கொடி நாளாக அனுசரிக்கப்பட்டு வருவதையும், அன்று பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரிய உத்தியோகஸ்தர்கள் வரை சட்டையில் சிறு கொடியொன்றைக் குத்திக்கொண்டு இயன்ற நிதி வழங்குவதையும், போரில் மாண்டவனுக்கு நடுகல் நட்டு வழிபட்ட நம் முன்னோரின் பண்பினுடைய தொடர்ச்சியாகவே கருதுகிறேன். ஆனால் மாண்டவனுக்கு மாலை சூட்டிய ஊரே, அவன் மனைவியின் கையிலுள்ள காகிதங்களை வாசித்துச் சொல்ல ஒருவருமின்றி அவளை அலைய விடுமாயின், அந்த மரியாதை பூர்த்தியாகிவிட்டதென்று ஒப்ப என் மனம் இடந்தரவில்லை.

அவள் முதலில் அறிய வேண்டியது, குடும்ப ஓய்வூதியம் ஒரே வகைப்பட்டதன்று என்பதே. சாதாரணமாக நேர்ந்த மரணத்துக்குக் கணவரின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் (முதற் சில ஆண்டுகளுக்கு இதனினும் கூடுதலாகவும்), இராணுவப் பணியின் காரணமாக நேர்ந்த மரணத்துக்கு 60 சதவீதமும், போர்முனையிலோ பயங்கரவாதிகளுடன் பொருதியோ நேர்ந்த மரணத்துக்கு அச்சம்பளம் முழுவதுமே ஓய்வூதியமாகவும் வழங்கப்படுகின்றன. மரணம் எவ்வகையில் சேர்க்கப்பட்டது என்பதைப் பொறுத்தே ஆயுள் முழுதுக்குமான ஜீவனம் அமைவதால், துக்கம் சற்றே தணிந்ததும் அந்த வகைப்பாட்டையும், விசாரணை நடந்திருப்பின் அதன் முடிவையும், எழுத்து மூலமாகவே கேட்டுப் பிரதி பெற்றுக்கொள்ள வேண்டும். மறுமணம் செய்துகொண்டால் உரிமை அனைத்தும் தானாகவே அற்றுப்போகுமென்று பந்துக்கள் சொல்லும் வார்த்தையை நம்பிவிடலாகாது. அதற்கென விதிகளும் விலக்குகளும் உள்ளன.

பெருந்துன்பம் விளைவது பெரும்பாலும் அற்பமான ஓர் எழுத்துப் பிழையால்தான். திருமணமும் குழந்தைகளின் பிறப்பும் ‘பார்ட் டூ ஆர்டர்’ எனப்படும் படைப்பிரிவின் ஆணையில் பதிவாகாதிருந்தாலோ, அதிலுள்ள பெயர் ஆதாரிலுள்ள பெயரோடு ஒவ்வாதிருந்தாலோ, ஓய்வூதியம் மாதக்கணக்கில் தடைப்பட்டு நிற்கும். ஆகையால் இப்போது பணியிலிருக்கும் ஒவ்வொரு ஜவானும், விடுமுறையில் ஊருக்கு வரும்போதே மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் ஒத்துப்பார்த்து, பிழையிருப்பின் தம் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதித் திருத்திவிடுவது, அவர் தம் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு என்பேன். ஓய்வூதியம் வரத் தொடங்கிய பின்னும் ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று அளிக்கத் தவறினால் அது நின்றுவிடும். இந்தத் தவணையை அறிந்த வஞ்சகர்கள், ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுவதாகக் கூறி ஓடிபி எண்ணைக் கேட்கிறார்கள். எந்த அலுவலகமும் தொலைபேசியில் அதைக் கேட்பதில்லை. ஏமாந்துவிட்டால் தாமதியாமல், இத்தகைய மோசடிகளைப் புகார் செய்வதற்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

குறை தீராவிடில், மாவட்ட அளவில் இயங்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை முதலில் நாடலாம். அங்கே விண்ணப்பம் எழுதவும் உதவுவார்கள். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பலாகாது. படைத்துறை இறுதியாக மறுத்துவிட்டால், 2007-ஆம் ஆண்டின் சட்டப்படி நிறுவப்பட்ட ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதன் அமர்வு ஒன்று சென்னையிலேயே உள்ளது. மறுப்பாணை பிறந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் முறையிட வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னிக்கவும் கூடும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டம், வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் அனைவருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை வழங்கியிருக்கிறது. அதற்கான தொலைபேசி எண் 15100.

உங்கள் தெருவில் அத்தகைய குடும்பம் ஒன்று இருக்குமாயின், அடுத்த கொடி நாள் வரை காத்திராமல், ஒரு மாலைப்பொழுதில் அவர்கள் இல்லம் சென்று, அந்தக் காகிதங்களை அவர்களோடு அமர்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.