நாம போன ரெயில் பெட்டியில இப்போ கார் போகுது!

சேரப்பணஞ்சேரி:
ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தயாராகும் கார்கள் வாலாஜாபாத் ரெயில் நிலையத்தில் இருந்து சரக்கு ரெயிலிலும் வெளிமாநிலம் போகின்றன. அதில் ஜன்னல் அடைத்த பெட்டியை பார்த்திருக்கீங்களா? அது நாம் பயணம் செய்த பழைய பெட்டிதான்!

பெரம்பூர் ஐ.சி.எப். 1955-ல் தொடங்கியது. அங்கு தயாரான பெட்டிகள் பயணிகளை சுமந்து வயசானதும், பலவற்றை ரெயில்வே உடைப்பதில்லை. சீட்டு, பேனை கழற்றி, ஜன்னலை தகரத்தால் அடைத்து, இரு முனையிலும் கதவு வைக்கிறார்கள். கார்கள் ஒரு முனையில் ஏறி, பெட்டிக்கு பெட்டி ஓடி உள்ளே போகும். இதன் பெயர் என்.எம்.ஜி.

அந்த பழைய ரக பெட்டி தயாரிப்பு 2018 ஜனவரியில் நின்றது. காருக்கென்றே இரண்டு அடுக்கு வேகன்களும் வந்துவிட்டன. அதனால் என்.எம்.ஜி. காலப்போக்கில் குறையலாம்.

பிள்ளைகளுக்கு மாடல் செய்ய ஆசையா? நிஜ பெட்டி சுமார் 21.3 மீட்டர் நீளம். 87-ல் ஒரு பங்கு என்றால் 24.5 செ.மீ. அட்டையில் பயணிகள் பெட்டி செய்து, ஜன்னலை அடைத்து, இரு முனையிலும் கதவு வைத்தால் போதும். சரக்கு பெட்டி ரெடி!