இரண்டு முறை தண்ணீர் குடித்த கிங்கோ

ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் தண்டவாளத்தோடும் ஜல்லியோடும் மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்ற டிப்ளமாக்காரன் மரம் வளர்ப்பதைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். பொங்கல் விழாவுக்கு வந்திருந்தபோது நம் சங்கத்து அன்பர்கள் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மலைப்பக்கம் போனபோது நர்ஸரியில் கிங்கோ கன்று வாங்கிவிட்டார்களாம். தில்லி மொட்டைமாடியில் வளர்க்கலாமா, அதன் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் மறதி போகுமா என்று கேட்டார்கள். இரண்டிலும் எனக்கு அனுபவம் உண்டு. அதனால் எழுதுகிறேன்.

முதலில் மரத்தைப் பற்றிக் கொஞ்சம். விசிறி மாதிரி இலை, நடுவில் ஒரு வெட்டு. ஏறக்குறைய 17 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில்கூட இந்தக் குடும்பத்தின் இலை பதிந்திருக்கிறது. உறவினர்கள் எல்லாம் அழிந்துபோய் இது ஒன்றுதான் மிச்சம். 1945-இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நின்ற சில கிங்கோ மரங்கள் மறுபடி துளிர்த்து இன்றும் நிற்கின்றன. சீனத்தில் இதற்குத் தாத்தா-பேரன் மரம் என்று ஒரு பெயர். விதை போட்டால் காய்க்க இருபது, முப்பது வருடம் ஆகும். தாத்தா நட்டால் பேரன்தான் பறிப்பான்.

இவ்வளவு உறுதியான மரத்தை நான் பத்தே மாதத்தில் கொன்றேன்.

என் மனைவிக்குச் சில வருடங்களாக மறதி. சாவியை வைத்த இடம் மறப்பதில் ஆரம்பித்து, அடுப்பில் பால் வைத்ததை மறப்பது வரை வந்துவிட்டது. சோலனில் மகன் வீட்டோடு வந்துவிட்டோம். கிங்கோ மறதிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, 2019 அக்டோபரில் மகன் ஒன்றரை அடிக் கன்று ஒன்றை வாங்கி வந்தான். நல்லவேளையாக இலையில் கை வைப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டோம். அவர் பட்டென்று வேண்டாம் என்றார். பச்சை இலையில் உடம்புக்கு ஆகாத அமிலங்கள் உண்டு. மருந்துக் கம்பெனிகள் அவற்றைப் பெரும்பாலும் நீக்கித்தான் சாறு எடுக்கின்றன. அந்தச் சாறாவது உதவுமா என்றால், 2008-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரில் பாதிப் பேருக்கு அதையும் மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையையும் ஏறக்குறைய ஆறு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை. தவிர, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். என் மனைவி அந்த மாத்திரை சாப்பிடுகிறவள். ஆகவே கஷாயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. விதையும் அப்படித்தான். சீனர்களும் ஜப்பானியர்களும் வேகவைத்து அளவாகச் சாப்பிடுகிறார்கள். குழந்தைகள் நிறையத் தின்றால் வலிப்பு வரும். வீட்டில் பேரக்குழந்தைகள் இருந்தால் நினைவில் வையுங்கள்.

மருந்து இல்லை என்று ஆனபிறகும் செடி தங்கிவிட்டது. என் மனைவிக்கு அதைப் பிடித்துப்போயிற்று. டிசம்பரில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நின்றது. தோட்டக்காரர் பிடுங்கி எறியப் பார்த்தார். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினேன், உள்ளே பச்சை. கிங்கோ குளிர்காலத்தில் தூங்கும் மரம். அந்தக் குளிர் அதற்கு வேண்டும். மார்ச்சில் துளிர்த்தது.

தினமும் காலையில் அவள்தான் தண்ணீர் ஊற்றுவாள். அரைமணி கழித்து, "என்னங்க, செடிக்கு இன்னும் தண்ணியே ஊத்தலையே" என்று மறுபடி ஊற்றுவாள். சில நாள் மூன்றாவது முறையும். அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. தொட்டியின் அடியில்தான் நாலு அங்குலத்துக்கு ஜல்லி போட்டிருக்கிறேனே, பாதைக்கு பாலாஸ்ட் போடுவது போல, தண்ணீர் வடிந்துவிடும் என்ற தைரியம். ஜூலை மழையும் சேர்ந்துகொண்டது. இலை ஓரம் பழுப்பானது. வாடுகிறதென்று நினைத்து அவள் இன்னும் ஊற்றினாள். ஆகஸ்டில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகின நாற்றம். அன்று முழுவதும் அவள் யாரோடும் பேசவில்லை. தான்தான் கொன்றோம் என்பது மட்டும் அவளுக்கு எப்படியோ நினைவில் நின்றது.

ஆனால் தப்பு என்னுடையது. தொட்டியை உடைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஜல்லி ஏறக்குறைய காய்ந்திருந்தது. அதற்கு நேர் மேலே இருந்த மண் சொதசொத என்று சேறு. நைஸான மண்ணில் இருக்கும் தண்ணீர், அந்த மண் முழுக்க ஊறிப்போகும் வரையில் கீழே உள்ள பெரிய இடுக்குகளுக்கு இறங்காது. மண்ணின் சின்னத் துளைகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆக, நான் போட்ட ஜல்லி வடிகாலாக வேலை செய்யவில்லை. சேற்று மட்டத்தை நாலு அங்குலம் மேலே, வேருக்குப் பக்கத்தில் தூக்கி வைத்ததுதான் அது செய்த வேலை. பாலாஸ்டில் மண் புகுந்தால் பாதை கெடும் என்று எத்தனை கேங்மேன்களுக்குப் பாடம் எடுத்திருப்பேன்!

2021 பிப்ரவரியில் இரண்டாவது கன்று. இந்தத் தடவை பரல் எல்லாம் மண்ணோடு கலந்தது: தோட்டமண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலை உரம் ஒரு பங்கு, கொரகொரப்பான ஆற்றுமணலும் சின்னப் பரலும் இரண்டு பங்கு. அடியில் ஜல்லி கிடையாது; ஓட்டை மேல் ஓர் ஓட்டுத்துண்டு, அவ்வளவுதான். ஆணிவேர் இறங்கும் மரம் என்பதால் அகலத்தைவிட ஆழமான தொட்டி. இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தேன். சிக்னல் துறையில் ஒரு கொள்கை உண்டு: பழுது வந்தாலும் பாதுகாப்பான பக்கமே சாயவேண்டும். அதேபோல், இரண்டு முறை ஊற்றினாலும் கெடாத மண் இது.

அதற்கு மேல் ஒரு டோக்கன் முறையும் வைத்தேன். கல்கா-சிம்லா பாதை எங்கள் வீட்டுக்குக் கீழேதான் போகிறது. டோக்கன் முறை உள்ள ஒற்றைப் பாதையில் டிரைவர் கையில் அந்த செக்ஷனின் டோக்கன் இல்லாமல் வண்டி நகராது. ஒன்று வெளியே இருக்கும்போது இன்னொன்றை எடுக்கவும் முடியாது. எங்கள் வீட்டிலும் செடிக்கென்று ஒரே ஒரு சிவப்பு மக்கு. மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நான் அதை வராந்தா ஆணியில் மாட்டுவேன். அவள் ஊற்றிவிட்டு என் கையில் கொடுத்துவிடுவாள். நான் அலமாரியில் பூட்டிவிடுவேன். ஸ்டேஷன் மாஸ்டர் உத்தியோகம்! ஒரு நாள் ரசம் வைக்கும் ஈயச் சொம்போடு வந்து நின்றாள். மண் காப்பாற்றியது.

மற்றபடி வேலை குறைவு. நல்ல வெயில் வேண்டும். பூச்சி அவ்வளவாக வராது. எரு, துளிர்க்கும் சமயத்தில் ஒரு கைப்பிடி போதும்; இலையுதிர் காலத்தில் கூடாது. நுனிக்குருத்தை வெட்டாதீர்கள். முதல் சில வருடம் வளரவே வளராது, பொறுக்கவேண்டும். தொட்டி மாற்றுவது, தரையில் நடுவது எல்லாம் துளிர்ப்பதற்கு முன்னால். இங்கே பெரிய எதிரி குரங்குதான், அதற்குக் கம்பிவலை. ஆணா பெண்ணா என்பது விதைக் கன்றில் பல வருடம் தெரியாது. பெண்ணாக இருந்தால் பழுத்த விதையின் சதை கெட்டுப்போன வெண்ணெய் போல நாறும். ஆகவே 2024 பிப்ரவரியில் தரையில் நட்டபோது வாசலை விட்டுத் தள்ளியே நட்டேன்.

தில்லி மாடிக்கு என் பதில், வேண்டாம். மே மாதம் தொட்டியே கொதிக்கும், வேர் தாங்காது. வாங்கிவிட்டவர்கள் மலையில் உள்ள உறவினருக்குக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் மரம் இப்போது என் இடுப்பளவு. தினமும் என் மனைவி, "இது என்ன மரங்க?" என்கிறாள். சொல்கிறேன். சோலன் பக்கம் வரும் அன்பர்கள் நவம்பரில் வாருங்கள். இலை முழுக்க மஞ்சளாகி நிற்கும். பிறகு இரண்டு மூன்று நாளிலேயே மொத்தமும் கொட்டிவிடும்.