வியன்னாவின் தட்டைக் கரண்டி

1906இல் வியன்னாவில் ஒரு கண்காட்சி. விருந்துக்கு அலங்கரித்த சாப்பாட்டு மேசைகள்தான் காட்சிப்பொருள். அங்கிருந்த வெள்ளிக் கரண்டிகளையும் கத்திகளையும் பார்த்துவிட்டு, அறுவைச் சிகிச்சைக் கருவிகள் போல இருக்கின்றன என்று முகம் சுளித்தவர்கள் உண்டு.

வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் யோசஃப் ஹாஃப்மன். அன்றைய வசதியான வீடுகளில் கரண்டிப் பிடி என்றால் பூங்கொடியும் சிப்பியுமாக நெளியும். ஹாஃப்மன் அத்தனையையும் துடைத்தெடுத்தார். தகட்டிலிருந்து நறுக்கியெடுத்தது போன்ற நேரான, தட்டையான பிடி, முனையில் சின்னச் சின்ன வெள்ளி மணிகள், வீட்டாரின் பெயரெழுத்து. ‘தட்டை வடிவம்’ என்றே அதற்குப் பெயர்.

வேலைப்பாடு இல்லாததால் வேலை குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. பூவும் கொடியும் இருந்தால் சிறு பிசகு அதில் மறைந்துபோகும். வெறும் தகட்டில் அரத்தின் ஒரு கீறல்கூட வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று தெரிந்துவிடும். தூய வெள்ளி மிருதுவானது, சட்டென்று வளையும். அதனால் செம்பு கலப்பார்கள். சுத்தியலால் தட்டத் தட்ட வெள்ளி இறுகும். மேலும் தட்டினால் விரிசல் விடும். ஆகவே நெருப்பில் காட்டி இளக்கி, மறுபடி தட்ட வேண்டும். பிறகுதான் அரமும் மெருகும். பிடியை மட்டுமல்ல, பழம் நறுக்கும் கத்திக்கு அலகையும் வெள்ளியில் செய்யும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. துருப்பிடிக்காத எஃகு வராத அந்தக் காலத்தில், பழத்தின் புளிப்புப் பட்டால் இரும்பலகு கறுத்துவிடும்.

ஹாஃப்மனும் ஓவியர் கோலமன் மோசரும் 1903இல் தொடங்கிய ‘வியன்னா பட்டறை’யில்தான் இந்தத் தட்டை வடிவக் கரண்டிகளும் கத்திகளும் உருவாயின. அந்தப் பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் முத்திரை வழக்கம். வெள்ளிப் பொருள்களில் பட்டறையின் ரோஜாச் சின்னத்தோடு, வடிவமைத்தவரின் எழுத்து ஒரு பக்கம், கையால் செய்த தட்டாரின் எழுத்து இன்னொரு பக்கம் என்று இரண்டையும் பொறித்தார்கள். வரைந்தவருக்கு உள்ள மரியாதை அடித்துச் செய்தவருக்கும் உண்டு என்பதை உலோகத்திலேயே எழுதிவைத்தது பெரிய காரியம்.

அந்த மரியாதைக்கு விலை அதிகம். பட்டறைக்குப் பணம் போட்டவர் துணி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் வேர்ன்டோர்ஃபர். நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் கொண்ட தட்டை வடிவத் தொகுதி அவர் வீட்டுக்காகவே செய்யப்பட்டது. சொத்தெல்லாம் கரைந்து 1914இல் அவர் அமெரிக்கா போனார். பட்டறை 1932இல் மூடப்பட்டது. அந்தக் கரண்டிகளை இன்று வியன்னாவின் பயன்பாட்டுக் கலை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம்.