செம்பு பட்டால் ரப்பர் கெடுவது ஏன்?



வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைத் துலக்குகிற தாய்மார்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் வாங்கிய பித்தளை விளக்கு முதல் நாள் பொன்போல் மின்னும். எண்ணெய் ஊற்றி நாலைந்து நாள் அப்படியே விட்டுவிட்டால் குழியில் பச்சையாக ஒரு கசடு படியும். எண்ணெயும் பிசுபிசுத்துச் சிக்கு வாடை வீசும். பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு வேறொன்று தெரியும். ரப்பர்ப் பாலைச் செம்புப் பாத்திரத்திலோ பித்தளைப் பாத்திரத்திலோ எடுக்கக் கூடாது என்பதே அது. எடுத்தால் காய்ந்த ரப்பர் நாளடைவில் இளகி, கையில் ஒட்டும் பிசினாகிவிடும்.

விளக்கில் நடப்பதும் ரப்பரில் நடப்பதும் அடிப்படையில் ஒரே வினைதான் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ரப்பர் என்பது என்ன? ஐந்து கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த ஐசோப்ரீன் என்னும் சிறு அலகுகள், ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட மாலை. மாலை நீளமாக இருப்பதால்தான் ரப்பர் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிறது. மாலை துண்டு துண்டாக அறுந்தால் வலுவும் போயிற்று, மிஞ்சுவது பிசின்தான்.

மாலையை அறுப்பது எது? நாம் சுவாசிக்கும் பிராணவாயு! நூறு பங்கு ரப்பர் ஏறத்தாழ ஒரு பங்கு பிராணவாயுவை ஏற்றாலே போதும், அது பயனற்றுப் போகும். இவ்வளவு சிறிய அளவு இவ்வளவு பெரிய கேட்டை எப்படிச் செய்கிறது?

கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இருவர் இருவராக இணை சேர்ந்து ஆடுகிறார்கள். அணுக்களைப் பிணைக்கும் எலெக்ட்ரான்களும் அப்படித்தான், இரண்டிரண்டாகவே இருக்கும். வெயிலோ வெப்பமோ தாக்கும்போது ஓர் இணை பிரிந்து, துணையில்லாத ஒற்றை எலெக்ட்ரானோடு ஒரு துண்டு உருவாகிறது. வேதியியலார் இதைத் தனி உறுப்பு என்பார்கள். துணையிழந்த ஆட்டக்காரி சும்மா நிற்பாளா? பக்கத்து ஜோடியில் ஒருத்தியைப் பிடித்து இழுப்பாள். இப்போது அந்த ஜோடியில் மற்றவள் தனியாகிறாள். அவள் இன்னொருத்தியை இழுக்கிறாள். இப்படியே ஆட்டம் முழுதும் குலைந்துபோகும். தனியான இருவர் ஒருவரையொருவர் சந்தித்துக் கைகோத்தால்தான் அந்தக் குழப்பம் ஓயும். இதுவே தொடர்வினை. ஒன்றில் தொடங்கிப் பலவற்றைக் கெடுப்பது இதனால்தான்.

இத்தகைய தனி உறுப்பு உண்மையிலேயே உண்டு என்று 1900-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பெர்க் காட்டினார். அப்போது நம்பத் தயங்கியவர்களும் இருந்தார்கள்.

ரப்பருக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் உறவு பின்னர் ஏற்பட்டது. 1938-இல் ரப்பர் உற்பத்தியாளர்கள் இங்கிலாந்தில் வெல்வின் கார்டன் சிட்டி என்னும் ஊரில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். அங்கே போலண்ட், ஜெஃப்ரி கீ என்ற இரு அறிஞர்கள், பிராணவாயு எவ்வாறு படிப்படியாகத் தாக்குகிறது என்பதை அளந்து 1946-இல் வெளியிட்டார்கள். ரப்பர் மாலை மிக நீண்டது. அதை நேரே ஆராய்வது கடினம். ஆகவே அவர்கள் எடுத்துக்கொண்டது லினோலெயிக் அமிலத்திலிருந்து செய்த ஒரு சிறு பொருள். அந்த அமிலம் நமது நல்லெண்ணெயில் நிறைய உள்ளது! ரப்பரிலும் எண்ணெயிலும் கார்பன் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அவற்றை ஒட்டியுள்ள ஹைட்ரஜனைத் தனி உறுப்பு எளிதில் பறித்துக்கொள்கிறது. எண்ணெய் சிக்குப் பிடிப்பதும் ரப்பர் இளகுவதும் உறவுமுறையானது இவ்வாறுதான்.

இனிச் செம்புக்கு வருவோம். தான் குறையாமல், ஒரு வினையை வேகப்படுத்துகிற பொருளுக்கு வினையூக்கி என்று பெயர். கல்யாணத் தரகர் ஒரு வீட்டில் காரியத்தை முடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் புறப்படுவதைப் போன்றது அது. வினையூக்கிகள் எல்லாம் கெட்டவை அல்ல. பால்மரத்துக்குள் ரப்பர் மாலையைக் கோப்பதும் நொதி என்னும் வினையூக்கியே. ஆனால் செம்பு வேறு வேலை செய்கிறது. பிராணவாயு தாக்கியதால் உண்டாகும் பெராக்சைடு என்னும் நிலையற்ற பொருளை அது உடைத்துப் புதுப்புதுத் தனி உறுப்புகளை விடுவிக்கிறது. ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்தும் வாங்கியும் இரு நிலைகளுக்கிடையே மாறி மாறித் திரும்புவதால் அது தீர்ந்துபோவதே இல்லை. பத்து லட்சம் பங்கு ரப்பரில் சில பங்கு செம்பு இருந்தாலே தீங்கு தொடங்குவதன் காரணம் இதுவே. மாங்கனீசும் இதே குற்றவாளி.

இதனால் தொழிலாளிக்கு என்ன? தொழிற்சாலைகளில் செயற்கை ரப்பர் பெருகியபோது இயற்கை ரப்பருக்குத் தரம் ஒன்றே பாதுகாப்பாயிற்று. ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணால் தரம் பிரித்தது ஒரு காலம். கோலாலம்பூரில் 1925-இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் பிற அமைப்புகளும் பாடுபட்டதன் பயனாக, 1965-இல் சோதனையால் தரம் உறுதிசெய்யும் திட்டம் வந்தது. அத்திட்டத்தில் இன்று உள்ள ஒரு சோதனையைச் சொல்கிறோம்: ரப்பரை 140 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து, முன்னும் பின்னும் அதன் குழைவை அளப்பார்கள். பிராணவாயுவுக்கு எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அழுக்கு மங்கும் பித்தளைக் கரண்டியும் வெயிலில் கிடந்த ஷீட்டும் அங்கே சாட்சி சொல்லிவிடும்! விலை குறைந்தால் அதன் பாரம் எங்கே போய் இறங்கும் என்பது தோட்டத்தார்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தடுப்பு வழியும் உண்டு. ஆட்டத்திலே ஒரு பெரியவர் நிற்கிறார். தனியானவள் கை நீட்டினால் தம் துணையை விட்டுக்கொடுத்து, தாம் யாரையும் இழுக்காமல் அமைதியாக ஒதுங்கிவிடுகிறார். தொடர் அங்கேயே அறுகிறது. இத்தகைய காப்புப் பொருள்களை வாகன டயர்களில் கலக்கிறார்கள். இயற்கையும் பால்மரத்துப் பாலில் டோக்கோட்ரையினால் என்னும் காப்பை வைத்திருக்கிறது. செம்பனை எண்ணெயிலும் அதே வகைப் பொருள் உண்டு.

வீட்டிலே நாம் செய்யக்கூடியவை மூன்று. எண்ணெயை மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். சமையல் எண்ணெயைச் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் சேமிக்காதீர்கள். பழைய எண்ணெய்மீது புதிய எண்ணெயை ஊற்றாதீர்கள். பழையதில் உள்ள பெராக்சைடு புதியதையும் கெடுத்துவிடும்.

1998 முதல் அந்த ஆராய்ச்சி நிலையம் மலேசிய ரப்பர் வாரியத்தின் பகுதியாக உள்ளது. பால்மரங்கள் நின்ற இடங்களில் பல செம்பனையாகவும் நகரமாகவும் மாறிவிட்டன. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றின் வேர் அந்தத் தோட்டங்களில்தான். இங்கிலாந்து ஆய்வுக்கூடத்தின் செலவுக்கு வந்த பணத்தின் ஊற்றும் விடியற்காலை இருட்டில் வெட்டப்பட்ட மரப்பால்தான். ஆகவே இந்த அறிவில் நமக்கும் பங்கு உண்டு.

பள்ளியில் வேதியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், நாளைக்குக் குத்துவிளக்கைத் துலக்கும் வேலையை அவனிடமோ அவளிடமோ கொடுங்கள். அந்தப் பச்சைக் கசடைக் காட்டி, “இது ஏன்?” என்று கேளுங்கள். தாத்தாவும் பாட்டியும் பித்தளையை ஏன் விலக்கினார்கள் என்பதையும் சொல்லுங்கள்.