தொட்டி நிறைந்திருந்தால் பாட்டு நிற்காது

"நானூறு சி.டி. சேர்த்து வைத்திருக்கிறேன். பிளேயர் இப்போது பாதித் தட்டுகளைப் படிக்க மறுக்கிறது. எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வீட்டு நெட்வொர்க் வழியாகக் கேட்கலாம் என்கிறான் மகன். ஆடியோ கடைக்காரரோ, நெட்வொர்க்கில் வந்தால் நாதம் மெலிந்துவிடும், இசைக்கென்றே செய்த லேன் கேபிள் வாங்கினால்தான் சரிப்படும் என்கிறார். யார் சொல்வது சரி?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மகன் சொல்வதுதான் சரி. அந்தக் கேபிளும் வேண்டாம். காரணம் புரிய, உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு நடை போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சி.டி.யில் இருப்பவை எண்கள். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியே நொடிக்கு 44,100. அவற்றைப் பிழையில்லாமல் படிப்பது ஒரு வேலை. படித்ததை இம்மி பிசகாத இடைவெளியில் ஒலியாக மாற்றுவது வேறு வேலை. படிப்பதில் பிசகினால் 'டிக்' என்று கேட்கும். இடைவெளி தள்ளாடினால் சுருதியே தள்ளாடும். இந்த இரண்டையும் பிரித்து வைத்ததில்தான் என்னை மயக்கும் அழகு இருக்கிறது.

பிளேயருக்குள் தட்டு ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. லேசர் உள்வட்டத்தைப் படிக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று. வெளிவிளிம்புக்கு வரும்போது சுமார் 200. இப்படி ஓயாமல் வேகம் மாற்றும் மோட்டாரிடம் சுருதியை ஒப்படைக்க முடியாது. ஆகவே நடுவில் ஒரு சின்னத் தொட்டி கட்டினார்கள். அதற்குப் பெயர் பஃபர். எண்கள் தட்டிலிருந்து தொட்டியில் விழுகின்றன. தொட்டியின் அடியில் ஒரு குழாய். அதைத் திறந்து மூடுவது ஒரு குவார்ட்ஸ் படிகம். அதன் கணக்கு தவறவே தவறாது. தொட்டியில் மட்டம் இறங்கினால் மோட்டார் வேகம் கூடும், ஏறினால் குறையும். நம் வீடுகளில் மாட்டியிருக்கும் வாட்டர் லெவல் கன்ட்ரோலர் செய்யும் அதே வேலை. மேலே மோட்டார் எப்படி இரைந்தாலும் விக்கினாலும் கீழே குழாயில் தண்ணீர் சீராக விழுகிறது. கேசட்டில் இந்தத் தொட்டி இல்லை. அதனால்தான் மோட்டார் தளர்ந்ததும் பாடகரின் குரலும் சேர்ந்து இழுத்தது.

இனி கிணற்று மோட்டாரை எடுத்துவிட்டு, தண்ணீர் லாரியை வரவழையுங்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து ரவுட்டர் வழியாக வருவது லாரித் தண்ணீர்தான். ஒவ்வொரு லாரியிலும் ஏறக்குறைய 1,460 பைட். சி.டி. தரத்துக்கு நொடிக்குச் சுமார் 120 லாரி தேவை. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு, சீலும் உண்டு. சீல் உடைந்திருந்தால் மொத்தத் தண்ணீரையும் தெருவிலேயே கொட்டிவிடுவார்கள். 17-ஆம் லாரி வரவில்லையா? வாசலில் நிற்பவர் 18-ஐயும் 19-ஐயும் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, "17-ஐத் திரும்ப அனுப்பு" என்று ஆள் விடுவார். அது வந்த பிறகுதான் வரிசைப்படி தொட்டியில் ஊற்றுவார்கள். அதுவரை வீட்டுக்குத் தொட்டித் தண்ணீர் போதும். லாரி எந்தத் தெரு வழியாக வந்தது, எத்தனை பள்ளத்தில் இறங்கி ஏறியது என்பதெல்லாம் குளியலறைக் குழாய்க்குத் தெரியாது.

கடைக்காரரின் கேபிள் தோற்பது இங்கேதான். கேபிள் மோசமாக இருந்தால் லாரிகள் வராமல் போகும், தொட்டி காலியாகும், பாட்டு நின்றுவிடும். வயலின் மட்டும் சற்று மங்கலாகக் கேட்பது, மிருதங்கம் மட்டும் சோர்ந்துபோவது போன்ற நாசூக்கான கெடுதல் இந்த ஏற்பாட்டில் நடக்க வழியே இல்லை. கேபிள் வழியாக மின் இரைச்சல் நுழையும் என்று பயமுறுத்துவார்கள். லேன் கேபிளைச் செருகும் இடத்திலேயே சிறு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. அது நேரடி மின்தொடர்பைத் துண்டித்து, சமிக்ஞையைக் காந்தப்புலத்தால் மட்டும் கடத்துகிறது. சாதாரண கேட்-6 கேபிள் தாராளமாகப் போதும்.

வரலாறு சுருக்கமாக. தட்டில் அழிந்த எண்களை மீட்க சி.டி. பயன்படுத்தும் பிழை திருத்தும் கணக்கை இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் 1960-இல் எழுதினார்கள். பிலிப்ஸும் சோனியும் சி.டி.யின் இலக்கணத்தை 1980-இல் வகுத்தன. 1982 அக்டோபரில் முதல் பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வரிசை எண் போட்டு லாரி அனுப்பும் முறையை விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-லேயே வெளியிட்டிருந்தார்கள். சி.டி.யும் நெட்வொர்க்கும் வீட்டுக் கூடத்தில் சந்திக்கத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

சந்தித்ததில் லாபம் இசைக்கே. ஒரு பழைய சி.டி.யை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல்கள் தெரியும். அடுத்தடுத்த எண்களைத் தட்டில் தூரந்தூரமாகச் சிதறி எழுதியிருப்பதால், தடத்தின் நீளத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்தாலும் கணக்குப் போட்டு முழுதாக மீட்டுவிட முடியும். அதற்கு மேல் அழிந்தால் பிளேயர் அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து ஊகிக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருப்பதால் திரும்பிப் போய்ப் படிக்க அதற்கு நேரமில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அந்த அவசரம் கிடையாது. நல்ல மென்பொருள் கீறல் விழுந்த இடத்தைப் பலமுறை படித்து ஒப்பிடும். அதே தட்டை உலகில் வேறு யாராவது ஏற்றியிருந்தால், அவர்களுக்கு வந்த சரிபார்ப்பு எண்ணோடு உங்களுடையதையும் பொருத்திப் பார்த்துச் சொல்லும். பொருந்திவிட்டால் பழைய பிளேயர் தந்ததைவிட உண்மையான பிரதி உங்கள் கையில்.

சேமிக்க ஃபிளாக் முறை நல்லது. எம்.பி.3 துணியை வெட்டிச் சின்னதாக்குகிறது. ஃபிளாக் மடித்து வைக்கிறது. பிரித்தால் அதே துணி, அதே நூல். ஒரு மணி நேரத் தட்டு 635 எம்.பி.; மடித்தால் பெரும்பாலும் பாதியோ அதற்குச் சற்று மேலோ. உங்கள் நானூறும் 200 ஜி.பி.க்குள் அடங்கும்.

192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். இளம் காதுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ், சி.டி. 22 வரை ஏற்கெனவே தருகிறது. அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். வித்தியாசம் அங்கேதான் காதுக்குத் தெரியும். ஒன்றில் மட்டும் கவனம்: புளூடூத் பொதுவாகப் பாட்டை வெட்டித்தான் அனுப்பும். நல்ல கேட்புக்கு வைஃபை அல்லது கேபிள்.

ஹார்ட் டிஸ்க் ஒருநாள் சாகும். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தாலும் மின்னல் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஆகவே இன்னொரு பிரதி, வேறு வீட்டில்.

எதில் தொடங்குவது என்றால், கடையில் வாங்கிய தட்டுகளில் வேண்டாம். அவற்றில் எண்கள் குழிகளாக அச்சாகியிருக்கின்றன; சில காலம் தாங்கும். கம்ப்யூட்டரில் ரைட் செய்த சி.டி.களில் அவை சாயப் படலத்தில் இருக்கின்றன. வெயிலும் வெக்கையும் அந்தச் சாயத்தை வெளுக்கச் செய்யும். கல்யாண நாகஸ்வரம், பாட்டி பாடிய தாலாட்டு, அப்பாவின் குரல் எல்லாம் அந்தத் தட்டுகளில்தான் இருக்கும். உலகில் வேறு பிரதி இல்லாதவை அவை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவற்றை முதலில் ஏற்றிவிடுங்கள்.