தேடினவர் கண்ணில் பட்ட டெம்புரா

வாழ்க்கையில் திருப்பம் தருவது தற்செயல்தான் என்று எதிரணி அம்மா அடித்துப் பேசினாங்க. தேடல்தான்னு நான் சொல்றேன்.

எங்க வீட்டுக்காரருக்கு 46 வயசுல வேலை போச்சுங்க. போன இடத்திலெல்லாம் முதல்ல வயசைத்தான் கேட்டாங்க, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி! (சிரிப்பு) சாம்பார் சோறு தவிர எதையும் தொடாத மனுஷன், அப்படி அலைஞ்ச ஒரு மத்தியானம் தள்ளுவண்டியில முதல் தடவையா நூடுல்ஸ் சாப்பிட்டுட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு"ன்னார்.

வெந்நீர் ஊற்றினாலே தயாராகிற நூடுல்ஸைக் கண்டுபிடித்தவரும் நடுவயதில் எல்லாம் இழந்தவர்தான். ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ. 1957-ல் அவர் தலைவராக இருந்த கடன் சங்கம் நொடித்துப் போனது, சொத்தும் போனது. வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு, கெடாத நூடுல்ஸுக்கு வழி தேடினார். ஒருநாள் மனைவி டெம்புரா பொரிச்சாங்க. நம்ம பஜ்ஜி மாதிரிதாங்க. எண்ணெயில் விழுந்ததும் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி ஓடுகிறது. ஓடின இடமெல்லாம் பொடித் துவாரம். நூடுல்ஸையும் பொரித்தார். ஈரம் இல்லை, கெடவில்லை. வெந்நீர் ஊற்றினால் அதே துவாரம் வழியாக உள்ளே போய் மெத்தென்று ஆகிவிடுகிறது!

ஜப்பானில் டெம்புரா பொரியாத ஊரா? தேடிக்கிட்டிருந்த இவர் கண்ணுக்குத்தானே அது தெரிஞ்சுது? 1958-ல் கடைக்கு வந்தது, பாக்கெட் 35 யென். அப்போ அவருக்கு 48 வயசு. கப் நூடுல்ஸ் வந்தது 1971-ல், 61 வயசுல!

நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு இன்னொரு இன்டர்வியூ. மத்தியானச் சாப்பாடு கட்ட வேண்டாம்னுட்டார், தள்ளுவண்டி இருக்காம். (கைதட்டல்)